கல்லீரலில் சீழ்க்கட்டி சந்தேகம்: ஸ்கேனில் திரவம் தெரியவில்லை, திடமாகத்தான் தெரிகிறது. எப்படி முடிவு செய்வது?

ரேடியோமாணவர் (கேள்வி)

பாக்டீரியாவால் வரும் கல்லீரல் சீழ்க்கட்டியைப் பற்றிப் பாடநூல் காட்டும் படம் எளிது: ஒழுங்கற்ற சுவர், உள்ளே கலங்கல் திரவம், பின்பக்கம் பளிச்சென்று வெளுத்த திசு. நடைமுறையில் அடிக்கடி எதிர்ப்படுவது வேறு. நடுக்கத்துடன் காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, சர்க்கரை நோய், ரத்தத்தில் சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் புரதம்) அல்கலைன் பாஸ்பட்டேஸும் (கல்லீரல், பித்தநாளக் கோளாறில் ஏறும் நொதி) ஏறியிருக்கின்றன. அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் 7, 8ஆம் பகுதிகளில் (வலது மடலின் மேற்பகுதி) 5 முதல் 6 செ.மீ. அளவில், எல்லை மங்கலான, சுற்றியுள்ள கல்லீரலைவிடச் சற்றே கருத்த ஒரு கட்டி. திரவம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இது சீழா, புற்றா என்று அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் சொல்லலாம்? கலர் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் முறை) உள்ளே ரத்த ஓட்டம் தெரியவில்லை என்றால் அதைச் சீழுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

எதிரொலி

திரவம் தெரியவில்லை என்பதற்காகச் சீழ் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். முதல் சில நாட்களில் திசு வீங்கி அழுகத் தொடங்கியிருக்கும், உருகியிருக்காது. அந்தக் கட்டத்தில் கட்டி கல்லீரலைவிடக் கருத்தும் தெரியலாம், வெளுத்தும் தெரியலாம், சில சமயம் கல்லீரலோடு கலந்து கண்ணுக்கே படாமலும் போகலாம். க்ளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா உண்டாக்கும் கட்டிகள் திடமாகத் தெரிவதில் பேர்போனவை, அதிலும் சர்க்கரை நோயாளிகளிடம். நீங்கள் சொல்லும் ஆள் அந்த வகைக்கு அப்படியே பொருந்துகிறார்.

படத்தை நம்புவதற்கு முன் கருவியின் அமைப்பைப் பாருங்கள். 2–5 மெகாஹெர்ட்ஸ் வளைமுகப் புரோப், ஹார்மானிக் இமேஜிங் (இரைச்சலைக் குறைக்கும் பட முறை) போட்டே இருக்கட்டும், ஃபோகஸ் கட்டியின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ. முக்கியமான ஒன்று: ஸ்பேஷியல் காம்பவுண்டிங் என்ற அமைப்பை ஒரு முறையாவது அணைத்துவிட்டுப் பாருங்கள். அது பல கோணங்களிலிருந்து படத்தைச் சேர்ப்பதால் கட்டியின் பின்னால் வரும் வெளுப்பையும் வாயுவின் நிழலையும் மழுங்கடித்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான். டி.ஜி.சி. நெம்புகோல்களை (ஆழத்துக்கேற்பப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பவை) ஆழத்தில் கீழே இழுத்து வைத்திருந்தாலும் பின்வெளுப்பு காணாமல் போகும். கெட்டியான சீழ் உள்ளே எத்தனை எதிரொலி காட்டினாலும் ஒலியைத் தன் வழியே நன்றாகக் கடத்தும். ஆகவே ‘திடமான’ ஒன்றின் பின்னால் தெளிவான வெளுப்பு இருந்தால் அது சீழ் என்ற சந்தேகம் வலுக்கிறது. லிம்போமா (நிணநீர்ப் புற்று) போன்ற சீரான கட்டிகளிலும் கொஞ்சம் வரும் என்பதால் அது மட்டுமே போதாது.

7, 8ஆம் பகுதிகள் உதரவிதானத்தின் மேடான இடத்தில் நுரையீரலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லுங்கள். விலா இடுக்கு வழியே மூச்சை வெளியே விட்ட நிலையில் ஒரு முறை, விலாவுக்குக் கீழிருந்து புரோபைத் தலைப்பக்கமாகச் சாய்த்து மூச்சை முழுதாக இழுத்துப் பிடித்த நிலையில் ஒரு முறை. இரண்டில் ஒன்றை விட்டாலும் மேடு முழுவதும் வராது.

பிறகு வாயுவைத் தேடுங்கள். பளிச்சென்ற புள்ளிகள், அவற்றின் பின்னால் சாம்பல் கலந்த அழுக்கு நிழல். கால்சியமாக இருந்தால் நிழல் சுத்தமான கறுப்பாக விழும். ஆளைத் திருப்பினால் வாயு உயர்ந்த பக்கம் நகரும், ஆனால் கட்டி இன்னும் உருகாமலிருந்தால் திசுவுக்குள் சிக்கி அசையாமலும் நிற்கலாம். பித்தநாளத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் (திறந்து வைக்கும் குழாய்) வைத்தவருக்குக் கிளைகிளையாக வாயு தெரிவது வேறு விஷயம். அதைக் கட்டிக்குள் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம்.

கடைசியாக, இதைவிட நல்ல சோதனை காலம்தான். 48–72 மணி நேரம் கழித்து அதே இடத்திலிருந்து, அதே ஆழ அமைப்பில், அதே அச்சுகளில் அளந்து பாருங்கள். நடுவில் உருகல் தொடங்கினாலோ அளவு சட்டென்று மாறினாலோ அது சீழின் பக்கம். புற்று மூன்று நாளில் உருவம் மாற்றுவதில்லை. ஆள் மோசமாக இருந்தால் மட்டும் இந்தக் காத்திருப்புக்கு இடமில்லை, அன்றே கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்துவிட வேண்டும்.

வலதுமடல்

டாப்ளர் கேள்விக்கு: 12 செ.மீ. ஆழத்தில் நிறம் வராதது எதையும் நிரூபிக்காது. கலர் ஸ்கேலை (நிறம் காட்டும் வேக வரம்பு) 10 செ.மீ./விநாடிக்குக் கீழே இறக்கி, மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரைக் குறைத்து, புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும்வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து ஒரு படி குறைத்துக்கொண்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் இல்லாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதலாம். மாறாக, நடுவில் துடிப்புள்ள தமனி அலை ஸ்பெக்ட்ரல் டாப்ளரில் (ஓட்டத்தை வரைபடமாகக் காட்டும் முறை) கிடைத்தால் அது பயனுள்ள சேதி: அந்த இடத்தில் உயிருள்ள திசு இருக்கிறது. அது சீழ்க்கட்டியின் அறைகளுக்கு இடையிலான தடுப்பாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம்.

டாப்ளரின் உண்மையான வேலை கட்டிக்கு வெளியே. போர்ட்டல் சிரையையும் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவருவது) அதன் கிளைகளையும் பின்தொடருங்கள். கிளையில் ரத்தம் உறைந்திருந்தால் தொற்று குடலிலிருந்து ஏறி வந்திருக்க வாய்ப்பு அதிகம். குடல்வால், பெருங்குடல் பக்கம் பார்வை போக வேண்டும்.

வசதி இருந்தால் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும். சோனோவியூ (நுண்குமிழ்கள் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்து) 2.4 மி.லி. வரை, பின்னாலேயே 5–10 மி.லி. சலைன், குமிழ்கள் உடையாமலிருக்க மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலி அழுத்தத்தின் அளவு) 0.1-க்குக் கீழே. சீழ்க்கட்டி என்றால் தமனிக் கட்டத்தில் (மருந்து தமனி வழியே வந்துசேரும் முதல் சில விநாடிகள்) விளிம்பும் தடுப்புகளும் தேன்கூடுபோல ஒளிர, உருகிய அறைகள் எல்லாக் கட்டங்களிலும் கறுப்பாகவே நிற்கும். நடுப்பகுதி அழுகிய மெட்டாஸ்டாசிஸும் (வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று) விளிம்பில் ஒளிரும், ஆனால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்த ஒளி வடிந்துவிடும். சீழ்க்கட்டியின் விளிம்பும் பின்கட்டத்தில் ஓரளவு மங்கலாம் என்பதால், வடிந்தது என்பதைவிட எப்போது வடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேடியோமாணவர்

இருவருக்கும் மிக்க நன்றி. உருகல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஊசியால் உறிஞ்சினால் போதுமா, கதீட்டர் வைக்க வேண்டுமா? ஊசி போடும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்ன?

ஊசிமுனை

முதலில் ஹைடாடிட் நீர்க்கட்டி (நாடாப்புழுவால் வருவது) இல்லை என்று உறுதி செய்யுங்கள். உள்ளே மிதக்கும் சவ்வு, மகள் நீர்க்கட்டிகள், இரட்டைக் கோட்டுச் சுவர் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ரத்தத்தில் ஆன்டிபாடி பாருங்கள். அமீபாச் சீழ்க்கட்டி பெரும்பாலும் ஒற்றையாக, வலது மடலில், கல்லீரல் உறைக்கு அருகில், உருண்டையாக, உள்ளே சீரான மெல்லிய எதிரொலியுடன் இருக்கும். ஆனால் படத்தை வைத்து மட்டும் அமீபாச் சீழையும் பாக்டீரியாச் சீழையும் பிரிக்க முடியாது, அதற்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) 1.5-ஐ ஒட்டியோ கீழேயோ, பிளேட்லெட் 50,000-க்கு மேலும் இருக்கட்டும். ரத்தக் கல்ச்சரை ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன் எடுங்கள், ஆனால் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவருக்கு அதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

பொதுவான அளவுகோல்: 3 செ.மீ.க்குக் கீழே என்றால் மருந்து மட்டும், 3 முதல் 5 வரை 18 கேஜ் ஊசியால் உறிஞ்சலாம், 5-க்கு மேல் கதீட்டர். 6×5×5 செ.மீ. கட்டியின் கொள்ளளவு, மூன்று அளவுகளையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால், சுமார் 78 மி.லி. இந்தக் கணக்கை ஊசி போடும் முன்பே செய்யுங்கள். 15 மி.லி. மட்டும் வந்து நின்றால் சீழ் தீர்ந்துவிடவில்லை. அறைகள் பிரிந்திருக்கின்றன, அல்லது பெரும்பகுதி இன்னும் உருகவில்லை. திடமான பகுதிக்குள் கதீட்டரைச் செருகிப் பயனில்லை.

பாதை முக்கியம். இரண்டு செ.மீ. அளவுக்காவது நல்ல கல்லீரல் திசுவைக் கடந்து நுழையுங்கள். உறையை ஒட்டிய கட்டியை நேராகக் குத்தினால் சீழ் வயிற்றறைக்குள் கசியும். விலா இடுக்கு வழி என்றால் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி. 7, 8ஆம் பகுதிகளுக்கு மேலிருந்து போனால் நுரையீரல் உறை குறுக்கே வரும், அதனால் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்ந்த பாதையை எடுங்கள். 8–12 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அலகு) பிக்டெயில், அதாவது நுனி சுருண்ட கதீட்டர், போதும்; சீழ் கெட்டியாக இருந்தால் அதில் பெரிய அளவு. கழுவும்போது எடுத்த அளவைவிடக் குறைவாகத்தான் சலைன் விட வேண்டும். அழுத்தம் ஏறினால் பாக்டீரியா ரத்தத்துக்குள் தள்ளப்பட்டு அரை மணியில் நடுக்கம் வந்துவிடும்.

சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பாதீர்கள். காற்றை வெளியேற்றிய சிரிஞ்சிலோ காற்றில்லாக் கல்ச்சர் பாட்டிலிலோ அனுப்பினால்தான் காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிகள் கிடைக்கும். சந்தேகம் மீதமிருந்தால் அதே சமயத்தில் சுவரிலிருந்தும் ஒரு திசுத் துண்டு எடுத்துவிடுங்கள். சீழ் வந்தது என்பது புற்று இல்லை என்பதற்குச் சான்று அல்ல, அழுகிய புற்றிலும் தொற்று ஏறும்.

எதிரொலி

மறுபரிசோதனை பற்றி ஒன்று சேர்க்கிறேன். காய்ச்சல் போய் சி.ஆர்.பி. இறங்கிய பிறகும் குழி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் படத்தில் நிற்கும். அதைக் காட்டி மருந்தை நீட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. கதீட்டரை எடுக்க நாளொன்றுக்கு 10 மி.லி.க்குக் குறைவான வடிகால், ஆளின் நிலை, குழியின் சுருக்கம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வடிகால் திடீரென்று நின்றால் முதலில் குழாய் அடைத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அறிக்கையில் பித்தப்பைக் கல், பித்தநாள விரிவு, போர்ட்டல் சிரை இந்த மூன்றுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். காரணம் எதுவும் கிடைக்காமல் க்ளெப்சியெல்லா வளர்ந்தால், காய்ச்சல் தணிந்த பின் பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்குப் பரிந்துரையுங்கள். கண் மங்குகிறது என்று அவர் சொன்னால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அந்தக் கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையைப் பறிக்கக்கூடியது.