ஒரே மிஷின், இரண்டு பேர், ஒரே 355

குழு: தெற்குத் தெரு வீடு

ஞாயிறு

மல்லிகா சித்தி, காலை 7:10
கயலு, எழுந்தாச்சா? ஒரு சந்தேகம். உன் சித்தப்பா ட்ரெட்மில்லில் வேகத்தை எட்டில் (மணிக்கு 8 கி.மீ.) வைத்து அரை மணி நேரம் ஓடினார். 355 கலோரி காட்டியது. அவர் இறங்கியதும் அருண் ஏறி அதே எட்டில் அரை மணி நேரம் ஓடினான். அவனுக்கும் 355. இவர் 82 கிலோ, அவன் 61 கிலோ. எப்படி ஒரே கணக்கு வரும்?

அருண், காலை 7:12
அக்கா, அப்பா கையில் இருந்த வாட்ச் 470 காட்டியது. எது சரி?

இளங்கோ சித்தப்பா, காலை 7:20
எதுவும் சரியில்லை. மூன்று மாதமாக வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுகிறேன். தினம் 355 போகிறது என்று நினைத்தேன். நேற்று எடை பார்த்தால் அதே 82. மழைக்காலத்தில் ரேஸ் கோர்ஸ் மைதானம் போக முடியவில்லை என்றுதான் இதை வாங்கினேன். விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

சுபா அத்தை, காலை 7:24
விற்காதே அண்ணே. வேண்டாம் என்றால் திருச்சிக்கு அனுப்பிவிடு.

கயல், காலை 7:41
சித்தப்பா, விற்க வேண்டாம். சித்தி கேட்ட கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஓடத் தொடங்கும்போது அந்த மிஷின் உங்கள் எடையைக் கேட்டதா?

இளங்கோ சித்தப்பா, காலை 7:43
இல்லையே. ஸ்டார்ட் அழுத்தினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு ஓட ஆரம்பித்துவிடும்.

கயல், காலை 7:50
அதுதான். எடையைக் கேட்காத மிஷின் ஏதோ ஒரு சராசரி ஆளை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது. பெல்ட் எவ்வளவு வேகத்தில் சுற்றியது, எவ்வளவு நேரம் சுற்றியது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மேலே நிற்பது நீங்களா அருணா என்று தெரியாது. 82 கிலோவைத் தூக்கித் தூக்கி வைக்கிற காலுக்கும் 61 கிலோவைத் தூக்கி வைக்கிற காலுக்கும் ஒரே செலவு ஆகாது.

அதற்காகக் கை வாட்ச் காட்டும் கலோரியையும் நம்ப வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு வகைக் கை வாட்சுகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஆறு வாட்சுகள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லிவிட்டன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல வாட்ச்கூட சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். நாடிக்கு வாட்சைப் பாருங்கள், கலோரிக்குப் பார்க்காதீர்கள்.

பெரியப்பா, காலை 8:05
அப்படியானால் சரியான கணக்கு எது அம்மா? சூத்திரம் இருந்தால் போடு. போட்டுப் பார்க்கிறேன்.

கயல், காலை 8:22
இருக்கிறது பெரியப்பா. எங்கள் பிசியோதெரபி படிப்பில் மனப்பாடம் செய்த சூத்திரம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு தருவது.

ஓட்டத்துக்கு: ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நிமிடத்தில் செலவாகும் ஆக்சிஜன் (மில்லி லிட்டரில்) = 0.2 × வேகம் + 0.9 × வேகம் × சரிவு + 3.5

நடைக்கு: 0.1 × வேகம் + 1.8 × வேகம் × சரிவு + 3.5

வேகம் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று போட வேண்டும். சரிவு 5 சதவீதம் என்றால் 0.05. கடைசியில் வரும் 3.5 சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்புக்கு ஆகிற செலவு. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு சுமார் 5 கலோரி. கொழுப்பு எரிந்தால் 4.7 பக்கம், மாவுச்சத்து எரிந்தால் 5 பக்கம் வரும். 5 என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா, காலை 8:58
போட்டுவிட்டேன். மணிக்கு 8 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 133.3 மீட்டர். 0.2 ஆல் பெருக்கினால் 26.7. அதோடு 3.5 சேர்த்தால் 30.2. தம்பியின் 82 கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.47 லிட்டர் ஆக்சிஜன். அரை மணி நேரத்துக்கு 371 கலோரி. அருணுக்கு 276. மிஷின் அருணுக்கு 79 கலோரி கூட்டிச் சொல்லியிருக்கிறது. தம்பிக்கு 16 குறைத்துச் சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஒரு அழகான விஷயம் பார்த்தேன். சமதளத்தில் ஓடும்போது, உட்கார்ந்திருக்கும் செலவைக் கழித்துவிட்டால், கிலோவுக்கு மீட்டருக்கு 0.2 மில்லி லிட்டர் மட்டுமே மிஞ்சுகிறது. 1000 மீட்டருக்கு 200 மில்லி. அது ஒரு லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. லிட்டருக்கு 5 கலோரி. ஆக, ஒரு கிலோ எடை ஒரு கிலோமீட்டர் ஓட ஒரே ஒரு கலோரி! வேகமே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. முப்பத்தோரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று விழுகிற கணக்கைப் பார்த்தால் இன்னமும் சந்தோஷமாக இருக்கிறது.

கயல், காலை 9:03
பெரியப்பா, நான் சொல்ல வைத்திருந்ததை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்! இத்தாலியில் மார்கரியா என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1963-இல் ஓட்டக்காரர்களை அளந்து இதைத்தான் எழுதினார்கள். கிலோவை கிலோமீட்டரால் பெருக்கினால் போதும். சித்தப்பாவுக்கு 82 × 4 = 328. அருணுக்கு 61 × 4 = 244. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தத் திரையும் வேண்டாம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அவ்வளவுதான்.

இளங்கோ சித்தப்பா, காலை 9:10
அண்ணன் 371 என்கிறார், நீ 328 என்கிறாய்.

பெரியப்பா, காலை 9:12
நடுவில் இருக்கிற 43, நீ அந்த அரை மணி நேரம் ஈஸிசேரில் பேப்பர் படித்திருந்தாலும் செலவாகியிருக்கும் தம்பி. ஓட்டத்தால் கூடுதலாகப் போனது 328.

இளங்கோ சித்தப்பா, காலை 9:15
சரி அண்ணே. ஆனால் பத்தில் வைத்து ஓடினால் வேர்த்துக் கொட்டுகிறது. எட்டில் அவ்வளவு இல்லை. அப்போது பத்தில் அதிகம் போக வேண்டுமே?

கயல், காலை 9:21
நிமிடத்துக்குப் பார்த்தால் அதிகம்தான் சித்தப்பா. ஆனால் நான்கு கிலோமீட்டர் பத்தில் 24 நிமிடத்தில் முடிந்துவிடும், எட்டில் 30 நிமிடம் ஆகும். தூரம் ஒன்று, செலவும் ஏறக்குறைய ஒன்று. உங்களுக்கு 58 வயது. எட்டில் பேசிக்கொண்டே ஓட முடிகிறது என்றால் எட்டே போதும்.

சுபா அத்தை, காலை 9:25
எங்கள் தெருவில் ஒருவர் பிளாஸ்டிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடுகிறார். நன்றாக வேர்த்தால் கொழுப்புக் கரையுமாமே?

கயல், காலை 9:29
வேண்டவே வேண்டாம் அத்தை. வேர்வை வெறும் தண்ணீரும் உப்பும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பி வந்துவிடும். உடம்புச் சூடு ஏறி மயக்கம் வரும். திருச்சி வெயிலில் அது ரொம்ப ஆபத்து. அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். வீட்டுக்குள் ட்ரெட்மில்லில் எதிர்க்காற்று கிடையாது, அதனால்தான் சித்தப்பாவுக்கு இவ்வளவு வேர்க்கிறது. ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள்.

மல்லிகா சித்தி, காலை 9:33
இன்னொன்றும் சொல்கிறேன். உன் சித்தப்பா முன்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் ஓடுகிறார். நானும் அப்படித்தான் நடக்கிறேன். மேடு, அதாவது சரிவு, 6 வைத்து.

கயல், காலை 9:40
இதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று சித்தி. கம்பியை இறுகப் பிடித்தால் உடம்பின் எடையில் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொள்ளும். கால் அந்த அளவுக்குச் சும்மா இருக்கும். மேட்டில் இன்னும் மோசம். கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பெல்ட்டுக்குச் செங்குத்தாக, சமதளத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடும், மேடு வைத்ததற்குப் பலனே இல்லை. திரை மட்டும் மேட்டுக்கான கலோரியைக் கூட்டிக்கொண்டே போகும்.

பெரியப்பா, காலை 9:44
எனக்கு டி.எம்.டி. (ட்ரெட்மில்லில் ஏற்றி இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தபோது டெக்னீஷியன் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். ‘ஐயா, விரலை லேசாக வையுங்கள், பிடிக்காதீர்கள்’ என்று.

கயல், காலை 9:47
ஆமாம் பெரியப்பா. அந்தச் சோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் மேடும் ஏறும். ராபர்ட் புரூஸ் என்ற டாக்டர் வகுத்தது. கம்பியைத் தொங்கிப் பிடித்தால் இதயம் எவ்வளவு தாங்குகிறது என்று தப்பாகத் தெரியும்.

சித்தி, நீங்கள் மேட்டை 2-க்கு இறக்கி, விரலை மட்டும் வைத்து நடங்கள். தடுமாறினால் உடனே பிடித்துக்கொள்ளுங்கள். விழாமல் இருப்பதுதான் முதலில். விழுந்தால் மிஷினை நிறுத்துகிற அந்தச் சிவப்புக் கயிற்று கிளிப்பைப் புடவையில் மாட்டிக்கொள்கிறீர்களா?

மல்லிகா சித்தி, காலை 9:49
அது அலமாரியில் கிடக்கிறது. இன்று எடுத்து மாட்டுகிறேன்.

இளங்கோ சித்தப்பா, காலை 9:58
எல்லாம் சரி கயலு. 328 என்றே வைத்துக்கொள். மூன்று மாதத்தில் ஏன் ஒரு கிலோகூடக் குறையவில்லை?

கயல், காலை 10:15
நீங்கள் வருத்தப்படுகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி. 328 வீதம் போனால் 23, 24 ஓட்டம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஐந்து வாரம். மூன்று மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்திருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே இவ்வளவு ஓடி, சாப்பாடும் முன்பு போலவே இருந்திருந்தால். ஓடிவிட்டு வந்து என்ன சாப்பிடுகிறீர்கள்?

மல்லிகா சித்தி, காலை 10:17
நான் சொல்கிறேன். ஓடாத நாளில் நாலு இட்லி. ஓடிய நாளில் ‘355 போய்விட்டது’ என்று இரண்டு தோசை கூடுதல், நெய் ஊற்றி. ஞாயிற்றுக்கிழமை கறி தோசை. காபியும் இரண்டு தடவை.

கயல், காலை 10:24
எண்ணெய், நெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. மூன்று மேசைக்கரண்டி என்றால் 40 கிராம், 360 கலோரி. அரை மணி நேர ஓட்டம் முழுதும் அந்த மூன்று கரண்டியில் திரும்ப வந்துவிடுகிறது. சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை சித்தப்பா. பசித்தால் சாப்பிடுங்கள். திரையில் எண் வந்தது என்பதற்காக மட்டும் சாப்பிட வேண்டாம். அது பாங்கில் போட்ட பணம் மாதிரி எடுத்துச் செலவழிக்கிற எண் இல்லை.

இளங்கோ சித்தப்பா, காலை 10:31
ம். புரிகிறது.

கயல், காலை 10:34
அப்புறம் இதையும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் எட்டில் எத்தனை நிமிடம் ஓட முடிந்தது உங்களால்?

இளங்கோ சித்தப்பா, காலை 10:36
நாலு நிமிடம். மூச்சு வாங்கியது.

கயல், காலை 10:37
இப்போது முப்பது! எடைக் கருவியில் தெரியாவிட்டாலும் உங்கள் இதயமும் காலும் மாறியிருக்கின்றன. இதை விற்கவா போகிறீர்கள்?

அருண், பகல் 12:20
அக்கா, தூரத்தை நம்பித்தானே கணக்கு? மிஷின் சொல்கிற தூரம் சரிதானா என்று எப்படித் தெரியும்?

கயல், பகல் 12:26
நல்ல கேள்வி. நீயே அளந்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கையால் உருட்டி முழுச் சுற்றளவையும் டேப்பால் அள. ஓரத்தில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டு. அப்பாவை எட்டில் ஓடச் சொல்லி ஒரு நிமிடம் மொபைலில் வீடியோ எடு. டேப் எத்தனை தடவை வருகிறது என்று மெதுவாக ஓட்டி எண்ணு. ஆள் ஏறி ஓடும்போதுதான் எண்ண வேண்டும், பாரம் ஏறினால் சில மிஷின்களில் பெல்ட் வேகம் குறையும்.

அருண், மாலை 5:48
எண்ணிவிட்டேன். பெல்ட் 2.80 மீட்டர். காலியாக ஓடும்போது நிமிடத்துக்கு 47 சுற்று. அப்பா ஏறி ஓடும்போது 45.

பெரியப்பா, மாலை 5:55
45 × 2.80 = 126 மீட்டர். மணிக்கு 7.56 கி.மீ. எட்டு இல்லை. அரை மணி நேரத்துக்கு 3.78 கி.மீ. தம்பி, உன் கணக்கு 310.

மல்லிகா சித்தி, மாலை 6:02
எனக்கும் போட்டுச் சொல்லுங்கள். 58 கிலோ. ஐந்தில் அரை மணி நேரம் நடை. மேடு இல்லாமல்.

கயல், மாலை 6:08
நடைக்கு ஓட்டத்தில் பாதி. 58 × 2.5, அதில் பாதி சுமார் 72. நடந்த தூரத்தில் பாதியை ஓடிய மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா சித்தி, மாலை 6:09
72 தானா!

கயல், மாலை 6:14
சித்தி, உங்களுக்குக் கலோரி முக்கியமே இல்லை. உங்களுக்குச் சர்க்கரைதான் முக்கியம். சாப்பிட்ட பிறகு நடந்தால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, சாப்பாட்டுக்குப் பின் ஏறுவது குறையும். அந்தப் பலன் எந்தத் திரையிலும் வராது. காலையில் வெறும் வயிற்றில் நடப்பதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிப் பாருங்கள். மாத்திரை போடுகிறீர்கள், அதனால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

திங்கள்

இளங்கோ சித்தப்பா, காலை 6:52
கம்பியைத் தொடாமல் ஓடினேன். இருபத்திரண்டு நிமிடத்தில் கால் கெஞ்சியது, நிறுத்திவிட்டேன். இத்தனை நாள் கை எவ்வளவு தாங்கியது என்று இன்றுதான் தெரிந்தது. 22 × 126 = 2772 மீட்டர். 2.77 × 82 = 227. காலண்டரில் தூரத்தை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா, காலை 6:55
கணக்கு சரி.

கயல், காலை 7:01
அருமை சித்தப்பா. வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினால் போதும், அவசரமே இல்லை.

மல்லிகா சித்தி, காலை 7:04
நாலு இட்லியோடு எழுந்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு மிஷின் எனக்கு. அப்போது யாரும் அதில் துண்டு காயப் போடக் கூடாது.