கட்-ஆஃப் 128: கடன் வாங்கி பி.இ. சேர்க்கலாமா, ஐ.டி.ஐ. போதுமா?

கொளத்தூர் அக்கா:

தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதம் 62, இயற்பியல் 64, வேதியியல் 68. கட்-ஆஃப் 128 வருகிறது. திருவள்ளூர் ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறோம் என்கிறார்கள். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1.25 லட்சம். முழுக்க வங்கிக் கடன்தான் வாங்க வேண்டும். அப்பா அம்பத்தூரில் லேத் வேலை பார்க்கிறார், "டிகிரி சோறு போடாது, ஐ.டி.ஐ. போதும்" என்கிறார். மாமாவோ "டிகிரி இல்லாதவனை எவன் உள்ளே விடுவான்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு நோட்டு:

அக்கா, டிகிரி வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் கடன் என்னவாகும் என்று பாருங்கள்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் வருஷம் எடுத்த 1.25 லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 62,500. இரண்டாம் வருஷத் தொகைக்கு 50,000, மூன்றாவதுக்கு 37,500, நான்காவதுக்கு 25,000. ஆக 1.75 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சம் இல்லை, 6.75 லட்சம். அதைப் பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,920 ரூபாய். கடைசியில் கட்டியிருப்பது 10.70 லட்சம். படிக்கும்போதே மாதாமாதம் அந்த வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த 1.75 லட்சம் அசலில் ஏறாது.

இப்போது சம்பளப் பக்கம். ஆஃபர் லெட்டரில் 3.36 லட்சம் என்று போட்டிருந்தால் மாதம் 28,000 கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் 700 சொச்சம் எல்லாம் அதற்குள்ளேதான் அடக்கம். நம் பங்கு பி.எஃப். 1,800-ஐயும் கழித்தால் 23,500 பக்கம் நிற்கும். அதில் 8,920 தவணை போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அதுவும் படிப்பு முடித்த ஒரு வருஷத்துக்குள் வேலை கிடைத்தால்தான் இந்தக் கணக்கே. கிடைக்காவிட்டால் தவணை தவறி, கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போடும் அப்பாவின் சிபில் ஸ்கோரும் (கடனைச் சரியாகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) சேர்ந்து விழும்.

பதில் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி. தம்பி 6 முதல் 12 வரை எந்தப் பள்ளி? பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தீர்களா? மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைக்காது. அது கலந்தாய்வு வழியே சேருபவர்களுக்கு மட்டும்தான்.

எச்.ஆர். மேசை:

மாமா சொல்வதில் பாதி சரி. பட்டம் இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாத இடங்கள் இருக்கின்றன. அங்கே திறமை எல்லாம் பேசாது. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, போலீஸ் எஸ்.ஐ., வங்கி ஆபீசர், வங்கி கிளார்க் எல்லாவற்றுக்கும் பட்டம் கட்டாயம். குரூப் 4-க்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பட்டமாக இருந்தாலும் சரிதான். இதற்காகவே 5 லட்சம் கடன் வாங்கி பி.இ. படிக்க வேண்டியதில்லை.

தனியார் பக்கம் நிலைமை வேறு. கேம்பஸுக்கு வரும் பெரிய ஐ.டி. கம்பெனிகள் பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்று கோடு போடுவது வழக்கம். தம்பிக்கு இந்த மூன்று பாடத்திலும் அறுபதுக்கு மேல் இருக்கிறது. மற்ற பாடங்களையும் பத்தாம் வகுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பி.இ. சேர்ந்து இரண்டாம் செமஸ்டரில் நாலு அரியர் விழுந்தால், கடைசி வருஷம் இன்டர்வியூ ஹாலுக்குள் போகவே முடியாமல் வெளியே நிற்க நேரிடும். முதல் வருஷக் கணிதத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 62 வாங்கிய பையன் ஜூன், ஜூலையிலேயே வகைநுண்கணிதத்தையும் அணிகளையும் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டமே இல்லாமல் சாஃப்ட்வேர் வேலைக்குப் போக முடியாதா என்றால், முடியும். வாசல் குறுகல், அவ்வளவுதான். ஜோஹோ தன் ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்கில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து உதவித்தொகை கொடுத்தே பயிற்சி தருகிறது. ஆனால் தேர்வில் வடிகட்டி எடுப்பார்கள். அதை மட்டும் நம்பி ஒரு வருஷத்தைக் கைவிடக் கூடாது. வேறு வழியோடு சேர்த்து முயலுங்கள். சி.ஏ.வுக்கும் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூவோடு ஃபவுண்டேஷன் எழுதலாம். கணக்கில் ருசி இருக்கும் பிள்ளைக்கு மட்டும்தான் அது.

தொலைநிலைப் பட்டம் பற்றி யாராவது சொல்வார்கள், அதனால் இப்போதே ஒரு வார்த்தை. பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. படிக்கலாம்; யு.ஜி.சி.யின் தொலைநிலைப் பிரிவு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். பி.இ.யை அஞ்சல் வழியில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். 2017-லேயே உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆள் சேர்க்கும்போது சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். பொய் அனுபவச் சான்றும் அப்படியே: யு.ஏ.என். எண்ணை (ஒருவருடைய நிரந்தர பி.எஃப். எண்) போட்டால் எந்த மாதம் எந்தக் கம்பெனி பி.எஃப். கட்டியது என்று வரிசையாக வந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட இதனால் வேலை போகும்.

தரமணி டூல்ரூம்:

அப்பா சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். லேத்தில் நிற்பவருக்கு எந்தக் கைக்கு மதிப்பு என்று தெரியும். ஆனால் "ஐ.டி.ஐ. போதும்" என்பது பாதி வழிதான். ஐ.டி.ஐ.யில் நிறுத்திக்கொண்டால் பத்து வருஷத்தில் ஆபரேட்டர் பதவியோடு சம்பளமும் மேலே ஏறாமல் நின்றுவிடும்.

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் தருகிறார்கள். கிண்டியிலும் அம்பத்தூரிலும் வடசென்னையிலும் இருக்கின்றன. பழைய ஃபிட்டர், டர்னர் தவிர அட்வான்ஸ்டு சி.என்.சி. மெஷினிங், ரோபாடிக்ஸ், மின்வாகன மெக்கானிக் என்று புதுப் பிரிவுகள் பல அரசு ஐ.டி.ஐ.களில் வந்திருக்கின்றன. சான்றிதழ் என்.சி.வி.டி.யா (நாடு முழுதும் செல்லும் தேசியச் சான்று) என்று மட்டும் கேட்டுச் சேருங்கள்.

ஆனால் தம்பி பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்கிறான். அவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. தரமணி மத்திய பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போய் பி.இ. படிக்கும் ஏற்பாட்டையும் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பு) 2023 முதல் அனுமதித்திருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டு பக்கம் போக ஆசையென்றால் கிண்டியில் இருக்கும் சிபெட் என்ற மத்திய அரசு பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தை விசாரியுங்கள்.

தவறு நடப்பது படிப்பு முடித்த முதல் வருஷத்தில். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் கான்ட்ராக்டர் மூலம் "டிரெய்னி" என்று எடுப்பார்கள். பையன் மூன்று வருஷம் ஒரே ஸ்டேஷனில் ஒரே நட்டை முடுக்குவான். பிறகு அடுத்த பேட்ச் வரும், இவன் வெளியே. கையில் தொழிலும் இருக்காது, சான்றும் இருக்காது. அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்த்தால் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகி எண் வரும். முடிவில் தேசிய அப்ரண்டிஸ் சான்று கிடைக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால் அது அப்ரண்டிஸ் பயிற்சி இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அது நிரந்தர வேலை இல்லை. ஆனால் ரயில்வே லெவல் 1 (கடைநிலை) பணிகளில் 20 சதவீதம், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கீடு.

நல்ல டூல்ரூமில் இன்டர்வியூ எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு புஷ்ஷையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்து விட்டம் சொல் என்பார்கள். மைக்ரோமீட்டரை மூடி பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று முதலில் பார்க்கிறானா, ராட்செட்டைத் திருகுகிறானா இல்லை திம்பிளை இறுக்குகிறானா, 0.01 மில்லிமீட்டர் வரை படிக்கிறானா, இதைத்தான் கவனிப்பார்கள். அடுத்து, டிராயிங்கில் எச்7 என்று இருந்தால் என்ன அர்த்தம், டூல் தேய்ந்தால் ஆஃப்செட்டை எந்தப் பக்கம் மாற்றுவாய் என்பார்கள். அப்பாவே வீட்டில் இதை இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எந்த வழியில் போனாலும் அது வீணாகாது.

கொளத்தூர் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. கணக்கு நோட்டு சார், தம்பி 6 முதல் 12 வரை மாநகராட்சிப் பள்ளிதான், தமிழ் வழி. கலந்தாய்வுக்குப் பள்ளியிலேயே பதிவு செய்துவிட்டார்கள். "உங்கள் மார்க்குக்கு ஒன்றும் கிடைக்காது" என்று அந்தக் கல்லூரி ஆள் சொன்னதால் 25,000 முன்பணம் கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டோம்.

கணக்கு நோட்டு:

அக்கா, அப்படியென்றால் கதையே வேறு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது; மாநகராட்சிப் பள்ளியும் சேரும். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. போதாததற்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அது ஐ.டி.ஐ., டிப்ளமோவுக்கும் உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒப்புக்கொண்டால் அந்தக் கட்டணம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

128 என்பது பொதுப் பட்டியலில் பின்னால் இருக்கலாம். 7.5 சதவீதத்துக்குத் தரவரிசை தனி. போன வருஷம் அந்த ஒதுக்கீட்டில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு எத்தனை மார்க்கில் முடிந்தது என்று கலந்தாய்வு இணையதளத்தில் பார்த்து, நாற்பது ஐம்பது விருப்பங்களாவது வரிசைப்படுத்துங்கள். குறைவாகப் போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. கல்லூரியை எடைபோட அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி சதவீதப் பட்டியலும், அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. (படிப்பின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் போதும். விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். விரும்பிய இடம் வரவில்லையென்றால் டூல்ரூம் சார் சொன்ன நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ. அதற்கும் இப்போதே விண்ணப்பம் போட்டுவையுங்கள்.

எச்.ஆர். மேசை:

தமிழ் வழி என்றதால் ஒன்று சேர்க்கிறேன். தமிழக அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. குரூப் 4-க்குத் தம்பியின் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ் வழிப் படிப்பே போதும். பட்டம் கேட்கும் பணிகளுக்குப் பட்டமும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். ஆங்கில வழி பி.இ. படித்தால் அங்கே இந்த முன்னுரிமை கிடைக்காது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று வேண்டும். அதைத் தலைமையாசிரியரிடம் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து அலைவது பெரும்பாடு.

கணக்கு நோட்டு:

முன்பணம் போய்விட்டதே என்று அந்தச் சீட்டில் சேர்ந்துவிடாதீர்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஒரிஜினல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமையில்லை. தேதி போட்டு, ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, "சேர்க்கையை ரத்து செய்கிறேன், பணத்தையும் சான்றிதழ்களையும் திருப்பித் தரவும்" என்று எழுதுங்கள். ஒரு பிரதி கையில் கொடுத்து சீல் வாங்குங்கள், இன்னொன்று பதிவுத் தபாலில் போகட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு வாரம் பாருங்கள், தரவில்லையென்றால் ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் புகார் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணைக் கல்லூரிக்கு மெயிலில் அனுப்புங்கள். கலந்தாய்வில் இடம் உறுதியானதும் அந்த மார்க் ஷீட்டைக் கேட்பார்கள். அதனால் கடிதம் நாளைக்கே போக வேண்டும்.