ரிமினியிலிருந்து சான் லியோ: கார் இல்லாமல் முடியுமா?

வணக்கம். செப்டம்பரில் இத்தாலியின் ரிமினியில் நான்கு நாள் தங்கல், கார் கிடையாது. சான் மரினோ சிக்கலில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்தே நேரடிப் பேருந்து. கோட்டையூரான கிராதாராவுக்கு கத்தோலிகா வரை ரயில், அப்புறம் பேருந்து. இடறுவது மலைமேல் இருக்கும் சான் லியோ ஊர்தான். 1795இல் கால்யோஸ்த்ரோ என்ற பேர்போன மாயவித்தை மோசடிக்காரர் சிறையிலேயே இறந்த கோட்டை அங்கேதான், விட மனமில்லை. ரிமினியில் நோவாஃபெல்த்ரியா போகும் பேருந்தில் ஏறி, வழியில் பியெத்ராகூத்தாவில் இறங்கி, மலையேறும் வேறொரு பேருந்துக்கு மாறவேண்டும். முதல் வண்டி தாமதித்தால் இரண்டாவது போச்சு. ஞாயிறென்றால் இன்னும் மோசம்.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: மாலையில் கீழிறங்கும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? தவறவிட்டால் பியெத்ராகூத்தா வரை டாக்சி கிடைக்குமா, எவ்வளவு கேட்பார்கள்? ஊர்ச் சதுக்கத்திலிருந்து கோட்டை வாசலுக்கு ஏற்றம் கடுமையா? கூட வருபவருக்கு முழங்கால் வலி.

சான் மரினோவையும் இதையும் ஒரே நாளில் திணிக்கச் சொல்லாதீர்கள். சான் மரினோவில் மூன்று கோபுர நடைக்கே அரை நாள் போய்விடும்.