எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்? குடும்பக் குழுவில் ஒரு மாலை

ரவி சித்தப்பா: போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவைக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறேன். கெட்டே போகாத கம்பெனி எது முரளி?

முரளி: அப்படி ஒன்று இல்லை சித்தப்பா. இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பதே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்று பேர்தான், வேறு பெயர் ஒட்டிய பெட்டிக்குள்ளும் இவர்களுடைய டிஸ்க்தான் இருக்கும். எதை வாங்கினாலும் ஒருநாள் போகும், எப்போது என்றுதான் தெரியாது. அதனால் பெரிதாக ஒன்று வாங்காமல் அளவாக இரண்டு வாங்குங்கள்.

ரவி சித்தப்பா: ஒன்றுக்கே உன் சித்தி முறைக்கிறாள் 😄

செல்வி அத்தை: ரவி, எனக்கு ஒரு விளம்பரம் வந்தது. 16 டிபி எஸ்எஸ்டியாம், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்குமாம், தீப்பெட்டி அளவுதான், கொள்ளை மலிவு. அது ஒன்றே போதுமே?

முரளி: அத்தை, அதைத் தொடவே தொடாதீர்கள்!! உள்ளே பெரும்பாலும் ஒரு சின்ன மெமரி கார்டுதான் இருக்கும், கம்ப்யூட்டரிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி ஆவது போலவே இருக்கும், ஃபைல் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும், இடம் தீர்ந்த பிறகு போட்டதைத் திறந்தால்தான் ஒன்றும் இல்லை என்று தெரியவரும். சித்தப்பா, நீங்களும் புது டிஸ்க் வந்ததும் எதையும் போடுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமை ஓட்டுங்கள். டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

கவிதா: அண்ணா, என் 2 டிபி டிஸ்க் 1.81 தான் காட்டுகிறது. அதுவும் ஏமாற்றா?

முரளி: இல்லை. கம்பெனிக்காரன் ஒரு டிபிக்கு 1000 ஜிபி, ஒரு ஜிபிக்கு 1000 எம்பி என்று 1000, 1000 ஆக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

கவிதா: சரி, எல்லாம்தான் கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே, சித்தப்பாவுக்கு டிஸ்க் எதற்கு?

முரளி: அது இரண்டு பக்கத்தையும் ஒரேமாதிரி வைக்கும் சிங்க், தனிப் பிரதியாக நிற்கும் பேக்கப் இல்லை. இங்கே தவறி டெலிட் செய்தால் அங்கேயும் போய்விடும், 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் போனது போனதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, மூன்றாவது பிரதியாக இருக்கட்டும்.

ரவி சித்தப்பா: டிஸ்கை லேப்டாப்பில் செருகியே வைத்துவிடலாமா? மறதி எனக்கு ஜாஸ்தி.

முரளி: கூடாது சித்தப்பா. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் லேப்டாப்பில் இருப்பதோடு செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். காப்பி செய்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை என்று போனில் அலாரம் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்வி அத்தை: என் பழைய டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது. இன்றைக்காவது எடுக்குமா என்று தினமும் செருகிப் பார்க்கிறேன். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள்.

முரளி: ஐயோ, உடனே நிறுத்துங்கள் அத்தை. அந்தச் சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் ஹெட் போயிருக்கும், ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தட்டில் கீறல் விழலாம், மீட்கக் கூடியதும் போய்விடும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் பூத்து இன்னும் மோசமாகும். உள்ளே இருப்பது வேண்டும் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும், செலவு அதிகம். வாரன்டி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அதில் புது டிஸ்க் கிடைக்கும், படங்கள் கிடைக்காது.

கவிதா: முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

முரளி: டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் எச்சரிக்கைகளைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டுப் பார்க்கலாம், மஞ்சள் காட்டினால் அன்றைக்கே காப்பி எடுத்துவிட வேண்டும். நீலம் காட்டினால் நிம்மதி என்று அர்த்தம் இல்லை. கூகுள் 2007ல் தன் டிஸ்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது, அதில் செத்துப்போன டிஸ்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

ரவி சித்தப்பா: எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தலைவலி இருக்காதோ?

முரளி: கீழே விழுந்தால் தாங்கும், வேகமும் அதிகம், பையில் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் வருடக்கணக்கில் செருகாமல் அலமாரியில் போட்டுவைக்க நான் நம்பமாட்டேன், டேட்டாவைத் தாங்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். உங்களுக்கு சாதா ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று அத்தை வீட்டில்.

ரவி சித்தப்பா: அக்கா, சம்மதமா?

செல்வி அத்தை: கொண்டு வாடா. பத்திரமெல்லாம் இருக்கிறதே, வேறு யாராவது திறந்து பார்த்தால்?

முரளி: விண்டோஸ் ப்ரோ இருந்தால் அதிலேயே உள்ள பிட்லாக்கர் போட்டு பாஸ்வேர்டால் பூட்டலாம். பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று வரும், அதைத் தாளில் அச்சடித்து டிஸ்க் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள். அதே டிஸ்குக்குள் சேமித்துவைத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

செல்வி அத்தை: தாளை என்னிடம் கொடுக்காதே ரவி, என் கண்ணாடியையே நான் தினமும் தேடுகிறேன்.

ரவி சித்தப்பா: அப்போ போட்டோ எடுத்து இந்தக் குழுவிலேயே போட்டுவிடவா?

முரளி: சித்தப்பா!!! 🤦 வேண்டாம், கவிதாவிடம் கையில் கொடுங்கள்.