சித்திரை விளையாட்டு விழா: சீட்டிழுப்பில் ஆட்டுக்குட்டி வேண்டாம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கட ஊர்ச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குப் பொருளாளர் அண்ணை நேற்று அனுப்பிய பரிசுப் பட்டியல் பார்த்தேன். வழுக்கு மரத்துக்கும் முட்டி உடைத்தலுக்கும் போட்டிருக்கிற பரிசுகள் நல்லது. சீட்டிழுப்பில் முதல் பரிசு ஆட்டுக்குட்டி, சின்னப் பிள்ளைகளுக்குப் பையில் மீன் என்று இருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. லண்டனில் இருந்துகொண்டு ஊர்ப் பொடியளின் ஆசையில் மண் போடுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது எனக்கு ஊரிலேயே பட்ட விஷயம்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது இப்படியொரு புத்தாண்டு விழாவில் தம்பியின் சீட்டுக்கு ஒரு குட்டி விழுந்தது. வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் கறுப்பு. சைக்கிள் கரியரில் சாக்குக்குள் வைத்துக் கழுத்து மட்டும் வெளியே தெரியக் கொண்டு வந்தோம். தம்பி பின்னால் ஓடி வந்தான். அதுவரை எங்கள் வீட்டில் ஆடே நின்றதில்லை. கொட்டிலும் இல்லை. முருங்கை மரத்தில் கட்டினோம். அது இன்னும் பால்குடி மறக்காத குட்டி என்பது இருட்டின பிறகுதான் அம்மாவுக்கு விளங்கியது. இரவு முழுக்கக் கத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆடுகள் பதிலுக்குக் கத்தின. அம்மா மாப்பால் கரைத்துச் சின்னப் போத்தலில் பருக்கினார். அடுத்த நாள் வயிறு பொருமத் தொடங்கியது. மூன்றாம் நாள் விடிய முருங்கைக்கடியில் கால் நீட்டிக் கிடந்தது. தம்பி அழவில்லை. ஆனால் அந்தச் சீட்டுத் துண்டைக் கணிதக் கொப்பிக்குள் கனகாலம் வைத்திருந்தான்.

அந்தக் குட்டியை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. வீட்டில் எல்லோரும் நல்ல மனதோடுதான் பார்த்தோம். ஆடு வளர்க்கத் தெரியாத வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். சீட்டிழுப்பில் யாருக்கு விழும் என்று முன்கூட்டித் தெரியாது, அதுதானே விளையாட்டு. மூட்டை அரிசி யாருக்கு விழுந்தாலும் அரிசிதான். தேவையில்லை என்றால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம், ஒரு மாதம் மூலையில் கிடக்கவும் விடலாம். குட்டி கிடக்காது. அதற்கு நாளும் தின்னக் குழை (இலைதழை) வேணும், குழை வெட்டக் கொக்கத்தடியும் ஆளும் வேணும். முந்தி வேலி நிறையக் கிளுவையும் பூவரசும் நின்றது. இப்போது ஊரில் பாதி வீட்டுக்கு மதில், அந்த மதில்களுக்கு நாங்கள்தான் காசு அனுப்பினோம். மழைக்கும் ஒதுங்க இடம் வேணும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனை மாடும் ஆடும் விறைத்துச் செத்தன என்று உங்களுக்கே தெரியும். பட்டி வைத்து வளர்த்தவர்களாலேயே காப்பாற்ற முடியவில்லை.

"தீபாவளிக்குக் கிடாய் இறைச்சி தின்கிறனி, பிறகு என்ன ஞாயம்?" என்று மச்சான் போனில் கேட்டார். தின்கிறேன்தான், மறைக்க ஒன்றுமில்லை. இறைச்சிக்கென்று வளர்ப்பவன் தான் என்ன செய்கிறான் என்று தெரிந்து செய்கிறான். பால்குடிக் குட்டியை மேடையில் தூக்கிப் பிடித்து, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவில் இலக்கம் வாசித்துக் கொடுப்பது வேறு.

இங்கே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006இல் வந்த விலங்கு நலச் சட்டப்படி, பெரியவர் கூட இல்லாத 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விலங்கைப் பரிசாகக் கொடுக்க முடியாது. அதே ஆண்டு ஸ்கொட்லாந்தில் இன்னும் இறுக்கி, குடும்பத்துக்குள் கொடுப்பது தவிர யாருக்குமே பரிசாகக் கொடுக்கக்கூடாது என்று வைத்தார்கள். களியாட்டத் திடல்களில் பரிசாகப் பையில் கொடுத்த தங்கமீன்கள்தான் இங்கே பெரிய பேச்சாக இருந்தவை. எங்கட பட்டியலிலும் அதே மீன், அதுவும் சித்திரை வெயிலில்! தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற பிராணவாயு குறையும். வீடு போய்ச் சேரும்போது பிள்ளையின் கையில் என்ன இருக்கும்? இலங்கையில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைச் சட்டம். அதிலுள்ள 100 ரூபாய் தண்டம் இன்றைக்கு ஒரு பால்தேத்தண்ணிக்குத்தான் காணும். அதனால் பொலிஸ் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை.

ஆடு கொடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பிப் போன எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்தியது ஆடும் மாடும் கோழியும்தான். போரில் இடம்பெயர்ந்து போகும்போது கட்டையில் நின்ற பசுவின் கயிற்றை அம்மா கத்தியால் அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கட ஆட்களுக்கு வாயில்லாச் சீவன் என்றால் என்னவென்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. கொட்டிலும் குழையும் உள்ள, தாங்களே கேட்கிற இரண்டு குடும்பங்களைத் தேர்ந்து ஆளுக்கு இரண்டு வளர்ந்த மறியாடு (பெண்ணாடு) கொடுப்போம். இரண்டாகக் கொடுத்தால்தான் தனிமையில் கத்தாது. முதல் ஈனுகிற மறிக்குட்டியைப் பால்குடி மறந்த பிறகு அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்க வேணும் என்று பேசிக்கொள்ளலாம். வாரத்துக்கு, அதாவது குட்டியில் பங்கு பேசி, ஆடு விட்டு வளர்த்த ஊருக்கு இது புதிதில்லை. கொடுக்கும் முன் கால்நடை வைத்தியரிடம் ஒருக்கால் காட்டவும் வேணும்.

சீட்டிழுப்புக்கு ஒரு சைக்கிள் வைப்போம். சின்னப் பிள்ளைகளுக்கு வர்ணப் பெட்டியும் கொப்பியும் காணும். சைக்கிள் காசை நான் தருகிறேன், இன்றைக்கே பொருளாளர் அண்ணைக்கு அனுப்பிவிடுகிறேன். பதாகையில் ஆட்டுக்குட்டிப் படம் போட்டு அடித்தாயிற்று என்று கேள்வி. அதன் மேல் ஒட்டுகிற சைக்கிள் படத்துக்கான செலவும் என்னுடையதே.