‘வேனிட்டி ஃபேர்’ நாவலைச் சிங்கப்பூர்க் கதையாக்கித் தமிழில் எடுக்க: கதைசொல்லியை என்ன செய்வது, போரை என்ன செய்வது?

பாசிர்பாஞ்சாங்_பேனா (கேள்வி):

தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலைச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுவந்து 110 நிமிடப் படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறோம். ஏழைப் பெண் பெக்கி சாமர்த்தியத்தால் மேலே ஏறுவதும், பணக்காரத் தோழி அமீலியா கீழே இறங்குவதும், நடுவில் வாட்டர்லூ போர் வருவதும்தான் நாவலின் கதை. முதல் வரைவு 190 பக்கம் வந்து நிற்கிறது. சிக்கல்கள் இவை:

நாவலில் சிரிப்பு வருவதே கதைசொல்லியின் குரலில்தான். அதைப் பின்னணிக் குரலாக வைத்தால் பள்ளிக்கூட ஆவணப்படம் மாதிரி இருக்கிறது. எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரணத் தொலைக்காட்சித் தொடர்.

காலம் எது என்றும் முடிவாகவில்லை. குழுவில் பாதிப் பேர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து தரைவீட்டுக்குத் தாவத் துடிக்கும் இன்றைய கதை என்கிறார்கள். மற்றவர்கள் இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய காலம் என்கிறார்கள். போர் என்றால் பணம் ஏது?

67 அத்தியாயத்தில் எதை வெட்டுவது? உரிமை வாங்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

உரிமையை முதலில் முடித்துவிடலாம். தாக்கரே இறந்தது 1863. இங்கே காப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60. நாவல் எப்போதோ பொதுவுடைமை. ஆனால் மொழிபெயர்ப்புகளுக்கும் பழைய படங்களின் திரைக்கதைகளுக்கும் தனி உரிமை உண்டு. 2004இல் மீரா நாயர் எடுத்த படத்தின் கடைசியில் பெக்கி இந்தியாவில் யானைமேல் போவாள். நாவலில் அப்படி இல்லை. அதை எடுத்து உங்கள் படத்தில் வைத்தால் தாக்கரேயிடம் கடன் வாங்கியதாகாது.

வெட்டுவதற்கு வருகிறேன். 67 அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அத்தியாயத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்றே வரி: யார் ஒரு படி ஏறினார், யார் இறங்கினார், அதற்கு யார் கையிலிருந்து எவ்வளவு போனது. மூன்றில் இரண்டு வரி காலியாக இருக்கும் அட்டையைத் தூக்கிப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் பாதிக்கு மேல் கழியும். 110 நிமிடம், காட்சிக்குச் சராசரி 2 நிமிடம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 55 காட்சி. அதில் 35 பெக்கிக்கு, 20 அமீலியாவுக்கு. சமமாகப் பிரித்தால் அமீலியா அழுதே படத்தை இழுத்துவிடுவாள்.

இந்த நாவல் ஒரு கணக்குப் புத்தகம். ‘வருமானமே இல்லாமல் வாழ்வது எப்படி’ என்று அத்தியாயத் தலைப்பே உண்டு. பெக்கியின் கணவன் ராடன் கடனுக்காகக் கைதாகிறான், தொகை வெறும் 166 பவுண்டுச் சொச்சம். உடம்பு சரியில்லை, பணம் புரட்ட முடியவில்லை என்று பெக்கி கடிதம் எழுதுகிறாள். அண்ணன் மனைவி பணம் கட்டி அவனை மீட்கிறாள். வீட்டுக்கு வந்தால் பெக்கியுடன், அவளுக்கு ஆதரவு தரும் பணக்காரர் ஸ்டெய்ன் பிரபு. மேசையைத் துழாவினால் 1,000 பவுண்டு நோட்டு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான எழுத்தாளர்கள் இதைக் கள்ளக்காதல் காட்சியாக எழுதிக் கெடுக்கிறார்கள். ராடனைக் குத்துவது அந்த நோட்டுதான். 166, 1,000 என்ற இரண்டு எண்ணும் பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் வசனமே வேண்டாம்.

எதை வெட்டக்கூடாது என்பதும் முக்கியம். பெக்கியின் மகனை வெட்டிவிடாதீர்கள். நீளம் குறைக்கும்போது முதலில் பலியாவது அந்தப் பையன்தான். ஊர் பார்க்க முத்தம் கொடுக்கும் அம்மாவிடம் அவன், “வீட்டில் நீங்க முத்தமே தர்றதில்லையேம்மா” என்கிறான். இருபது நொடிக் காட்சி. இது போனால் பெக்கி வெறும் சாமர்த்தியசாலி ஆகிவிடுவாள், பார்ப்பவர் கைதட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

பாத்திரங்களைச் சேர்ப்பதிலும் ஒரு பொறி. ராடனின் அப்பா கிழவர் சர் பிட்டையும் ராடனின் பணக்கார அத்தை மிஸ் கிராலியையும் ஒன்றாக்கினால் வசதியாகத் தெரியும். ஆனால் கிழவர் மண்டியிட்டுப் பெண் கேட்க, “எனக்கு ஏற்கனவே கல்யாணமாகிவிட்டது” என்று பெக்கி அழும் காட்சி போய்விடும். அந்த அழுகை மட்டும் நிஜம்: அவசரப்பட்டு மகனைக் கட்டிக்கொண்டோமே என்று. சர் பிட்டின் தம்பி பாதிரியார் பியூட் குடும்பத்தைத் தூக்குங்கள், யாரும் தேடமாட்டார்கள்.

மேடைநாகம்மை:

கதைசொல்லி பற்றி. நாவலின் முன்னுரையே பொம்மலாட்டக்காரன் திரைக்கு முன் நின்று பேசுவது. கடைசியில் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல்கிறான். மாத இதழாக 1847 ஜனவரியிலிருந்து 1848 ஜூலை வரை வெளிவந்தபோது அட்டையில் ஒரு கோமாளி பீப்பாய்மேல் நின்று மற்றக் கோமாளிகளுக்கு உபதேசம் செய்துகொண்டிருப்பான். நம்மிடம் இவனுக்கு ஆயத்தமாக ஒருவன் இருக்கிறான்: தெருக்கூத்தின் கட்டியங்காரன். அரசனை அறிமுகம் செய்துவிட்டு அடுத்த மூச்சில் அரசனையே கிண்டல் செய்வான், அவன் காலுக்கும் கீழே நிற்பான். அவனைக் கொண்டுவாருங்கள். 2018இல் வந்த ஏழு பகுதித் தொடரில் மைக்கேல் பேலின் தாக்கரேயாகவே வந்து ஒவ்வொரு பகுதியையும் தொடங்கிவைப்பார். தொடருக்கு அது சரி. ஒரே மூச்சில் பார்க்கும் படத்துக்கு அடிக்கடி கதவு தட்டுவது மாதிரி ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை:

அக்கா, கட்டியங்காரன் கூத்து மேடையில் நிற்பான், ஏனென்றால் பார்வையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். திரையில் நேராகக் கேமராவைப் பார்த்து நையாண்டி பேசினால் மூன்றாவது முறையே சலிப்பு. அதோடு அவனுக்குக் கதையில் நஷ்டம் எதுவும் இல்லை. வேடிக்கை பார்ப்பவன் செய்யும் கிண்டல் ஒருவிதத் திமிர்.

மேடைநாகம்மை:

சரி தம்பி, அப்படியானால் நஷ்டப்படுகிறவனையே கட்டியங்காரன் ஆக்குவோம். நாவலில் ராகிள்ஸ் என்று ஒருவன். மிஸ் கிராலி வீட்டில் பட்லராக இருந்து காசு சேர்த்து, காய்கறிக்கடை வைத்து, கர்சன் தெருவில் ஒரு வீடு வாங்குகிறான். அதைத்தான் ராடனும் பெக்கியும் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகை ஒரு பைசா வராது. விருந்துக்கு அவனே சாமான் கொடுக்கிறான், ‘பெரிய இடத்துக் குடும்பம்’ என்று பெருமை வேறு. கடைசியில் கடன்காரர் சிறைக்குப் போவது அவன்தான். படங்களில் இவனைக் கூட்டத்தில் ஒருவனாக விட்டுவிடுகிறார்கள்.

இவனைச் சிங்கப்பூரில் வையுங்கள். துபாஷி எனப்படும் வணிகத் தரகர் ஒருவர் வீட்டுச் சமையல்காரர், பிறகு சொந்த மளிகைக்கடை, மாடியில் குடியிருப்பவர்கள் நம் ஜோடி. அவர் பேசுவது கேமராவிடம் அல்ல, பற்று நோட்டுப் புத்தகத்திடம். “மேல்வீட்டம்மா, நெய் இரண்டு டின், பிறகு தருவதாக.” அவ்வளவுதான் கதைசொல்லியின் வசனம். படம் முழுக்க ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள். திரையில் தெரிவதை அவர் சொல்லவே கூடாது. திரையில் முத்துமாலை மின்னும்போது அவர் வாயில் நெய்க் கணக்கு. மாலைக்கும் நெய்க்கும் இடையில் இருக்கும் ஓட்டையில்தான் நையாண்டி உட்கார்ந்திருக்கும்.

பழைய_கப்பல்துறை:

காலம் பற்றி. இன்றைய கதை என்றால் அமீலியாவின் அப்பா செட்லியின் வீழ்ச்சிக்கு நல்ல இணை இருக்கிறது: 1998 செப்டம்பரில், சிங்கப்பூரில் நடந்த கிளாப் என்ற பங்குச்சந்தையில் மலேசியப் பங்குகள் முடங்கியது. கையில் பங்கு இருக்கும், விற்க முடியாது. ஆனால் வாட்டர்லூவுக்கு இணை கிடைக்காது. ஒரே இரவில் எல்லாருடைய தரமும் கலைந்து மாறுவதற்கு ஒரு போர் வேண்டும். ஆகவே 1941.

பலர் செய்யும் பிழை, செட்லியை ரப்பர் விலை விழுந்த 1930–32இல் நொடிக்கவைப்பது. அப்படிச் செய்தால் போருக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும், கதை தொய்ந்துவிடும். நாவலில் நெப்போலியன் 1815 மார்ச்சில் கரையிறங்குகிறான், செட்லியின் முதலீடு சரிகிறது, ஜூன் 18இல் வாட்டர்லூ. மூன்றரை மாதம். இதே இறுக்கம் 1941இலும் உண்டு. ஜூலை இறுதியில் பிரிட்டன் ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது. ஜப்பானியத் துணி இறக்குமதிக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கும் துணிக்கடை முதலாளி ஒருவர் அந்த வாரமே சாய்வார். மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) எழுதிக்கொடுத்த புரோநோட்டு வெளியே வரும். ஜப்பான் சிங்கப்பூர்மேல் குண்டு போட்ட டிசம்பர் 8 வர இன்னும் நாலரை மாதம்தான்.

அந்த டிசம்பர் 8 உங்களுக்கு வரம். வாட்டர்லூவுக்கு முன் பிரசல்ஸில் ரிச்மண்ட் சீமாட்டியின் நடன விருந்து ஜூன் 15ஆம் தேதி இரவு, அதன் நடுவில் போர்ச் செய்தி. இங்கே முதல் குண்டு விழுந்தது அதிகாலை நாலு மணிக்கு மேல், ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும். அன்று நகரத்து விளக்குகள் அணைக்கப்படவே இல்லை. ஞாயிறு இரவு விருந்து விடியும்வரை நீளட்டும். விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்க, தூரத்தில் ஓசை.

பெக்கி பிரசல்ஸில் அமீலியாவின் அண்ணன் ஜாஸுக்குக் குதிரைகளைக் கொள்ளை விலைக்கு விற்பாள். அதைக் காராக மாற்றாதீர்கள். 1942 ஜனவரி 31இல் ஜொகூருக்குப் போகும் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. அதன் பிறகு தீவுக்குள் காரில் எங்கே ஓடுவது? கப்பல் சீட்டும் சரிவராது. வெளியேறும் கப்பல்களில் ஐரோப்பியப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் முன்னுரிமை. தொங்கான் என்ற சரக்குப் படகில் இரண்டு இடம் என்று வையுங்கள்.

அமீலியாவை நேசிக்கும் டாபினை இடம்பெயர்க்கத் தனி உழைப்பு வேண்டாம். நாவலிலேயே அவன் ரெஜிமெண்ட் போய்ச் சேருவது மதராசுக்கு. நாகப்பட்டினமும் மதராசும் போய்வந்த ‘ராஜுலா’ கப்பலில் ஏற்றிவிடலாம், போர்க்காலத்தை மட்டும் தவிர்த்து.

ஒரு எச்சரிக்கை. ஸ்டெய்ன் பிரபுவின் நோட்டுக் காட்சியை ஜப்பானியர் காலத்தில் வைக்காதீர்கள். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. பெரிய தொகை என்று காட்டினால் அது அரிசி வாங்கவாவது போதுமா என்று பார்ப்பவர் யோசிப்பார். 1946க்குத் தள்ளுங்கள்.

பாசிர்பாஞ்சாங்_பேனா:

தொங்கான் யோசனை அபாரம். ஆனால் குண்டுவீச்சு, படை, கூட்டம்... காசுக்கு எங்கே போவது?

ஒளிக்கூண்டு:

போரைக் காட்டவே வேண்டாம். போர்க்கள எழுத்தாளர்களோடு தனக்குப் போட்டி இல்லை, தன் இடம் சண்டையிடாதவர்களோடுதான் என்று தாக்கரேயே சொல்லிவிட்டு பிரசல்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிறார். பீரங்கிச் சத்தம் மட்டும் வரும். அமீலியா கணவன் ஜார்ஜுக்காக ஜெபம் செய்கிறாள், அவன் அங்கே முகங்குப்புறச் செத்துக் கிடக்கிறான் என்று அதே வாக்கியத்தில் அத்தியாயம் முடிகிறது. அதை அப்படியே ஒரு வெட்டாகச் செய்யுங்கள். இசை கூடாது, மெதுவோட்டம் கூடாது.

மேடைநாகம்மை அக்கா சொன்ன கடைவீடுதான் உங்கள் செலவையும் காப்பாற்றும். கீழே கடை, மேலே மாடி, பின்பக்கம் காற்றுவெளி. 55 காட்சியில் 30 இங்கேயே முடியும். வெளித்தெரு எடுக்காதீர்கள். புதுப்பித்த கடைவீடுகளின் வண்ணம் 1941க்கு ஒட்டாது, எல்லா ஐந்தடிப் பாதையிலும் ஏசி இயந்திரம் தொங்குகிறது, சாலையில் மஞ்சள் கோடு. தப்பித்தவறி வெளியே வந்தால் இருட்டடிப்பு இரவாக வையுங்கள்: கறுப்புத் துணி போட்ட சன்னல், மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று. முழுத் தெரு கட்டாயம் என்றால் இந்தோனேசியத் தீவான பாத்தாமில் திறந்தவெளி செட் இருக்கிறது, ஆனால் ஆட்களையும் உடைகளையும் படகில் ஏற்றும் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

நிறத்தையும் கணக்காகப் பயன்படுத்துங்கள். 1935இல் மமூலியன் எடுத்த ‘பெக்கி ஷார்ப்’தான் மூவண்ண டெக்னிகலரில் வந்த முதல் முழுநீளக் கதைப்படம். அதில் நடன விருந்து கலையும்போது சிவப்பைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார், படைவீரர் உடைகளாக. உங்கள் விருந்தில் யாருக்கும் சிவப்புப் புடவை கொடுக்காதீர்கள். அந்த நிறம் முதலில் தெரிவது வானத்தில்.

ராடன் போருக்குப் போகுமுன் தன் துப்பாக்கி, மேலங்கி எல்லாவற்றுக்கும் விலை எழுதிப் பட்டியல் போட்டு மனைவியிடம் கொடுப்பான், தான் செத்தால் விற்றுக்கொள்ள. அதைத் தவறவிடாதீர்கள். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். அவன் அவளை எவ்வளவு நேசித்தான் என்பதற்கு வேறு காட்சியே வேண்டாம்.

மேடைநாகம்மை:

வசனம் பற்றி யாரும் பேசவில்லை. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: நீ, நீங்க. ஏணியின் ஒவ்வொரு படியும் இதில் கேட்கும். யார் யாரை எந்தக் காட்சியில் எப்படி விளிக்கிறார் என்று ஒரு கட்டம் போடுங்கள். முதலில் பணக்கார வீட்டம்மா பெக்கியை ‘ஏய் பொண்ணு’ என்பார், பிறகு ‘வாம்மா’, மருமகளான நாளில் பெயரே சொல்லமாட்டார். பெக்கியும் உறவுமுறையைக் கடன் மாதிரி வாங்கட்டும்: முதல் நாள் ‘அம்மா’, பத்தாம் நாள் ‘மாமி’, ஒரு மாதத்தில் ‘அத்தை’. அத்தை என்று அவள் தவறி ஒருநாள் முன்னால் சொல்லிவிட, அறை அமைதியாகிவிடும் காட்சி ஒன்று கட்டாயம். மளிகைக்காரரை அவள் கடைசிவரை ‘அண்ணே’ என்பாள். அண்ணன் என்று அழைத்தால் பாக்கி கேட்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

தவறுவது எங்கே என்றால், எல்லாரையும் ஒரே மேடைத்தமிழில் பேசவைத்துவிடுவது. மலாய்ச் சொல் கடைக்காரர் வாயில் இயல்பாக வரட்டும், பெக்கி வாயில் ஏறஏறக் குறையட்டும்.

பாசிர்பாஞ்சாங்_பேனா:

முடிவு? பெக்கியைத் தண்டிக்க வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர்.

கணக்குப்பிள்ளை:

நாவலில் தண்டனை இல்லை. ஜாஸ் இறக்கிறான், ஆயுள் காப்பீடு 2,000 பவுண்டு, பெக்கிக்குப் பாதி. அதாவது 1,000. அந்த நோட்டின் அதே தொகை. நிறுவனம் சந்தேகப்படுகிறது, வழக்கறிஞர்கள் அவளுக்காகப் பேசுகிறார்கள், பணம் வருகிறது. டாபின் தன் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவள் தருமகாரியச் சீமாட்டியாகிறாள். கடைசியாக அமீலியா குடும்பம் அவளைப் பார்ப்பது ஒரு நிதி திரட்டும் சந்தையில். திடுக்கிட்டு விலகுகிறார்கள், அவள் கண்ணைத் தாழ்த்திப் புன்னகை செய்கிறாள்.

உங்களுக்குக் கோயில் நிதி திரட்டும் விழா, பலகாரக் கடை. தயாரிப்பாளருக்கு ஈடாக ஒன்று செய்யலாம்: வரிசையில் மளிகைக்காரர் வந்து நிற்கட்டும். அவள் முறுக்குப் பொட்டலத்தை நீட்டி, “அண்ணே, பிறகு தந்தா போதும்” என்கிறாள். அவர் சில்லறையை எண்ணி வைக்கிறார்.

மேடைநாகம்மை:

எண்ணி வைப்பது முழுதாகத் தெரியும்வரை வெட்டாதீர்கள்.