ஆல்பிரெக்ட் டியூரர் (500 வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஜெர்மன் ஓவியர்) முத்திரை போட்ட அச்சுப்படத் தாள் கைக்கு வந்த அனுபவம் உண்டா?

மசித்துளி:
எனக்கு நியூரம்பெர்க் ட்ரெம்பெல்மார்க்ட் சந்தையில. பழைய போஸ்ட் கார்டு குவியலுக்கு நடுவுல, டியூரரோட 'சிறிய பாடுகள்' (இயேசுவோட பாடுகளைக் காட்டுற மரச்செதுக்கு வரிசை)னு சொல்லி ரெண்டு தாள். ஒண்ணு கெத்செமனே தோட்டத்துல இயேசு ஜெபிக்கிறது, இன்னொண்ணு சிலுவை சுமக்கிறது. ரெண்டுலயும் ஏ-வோட காலுக்கு நடுவுல டி உட்கார்ந்திருக்கிற முத்திரை பளிச்சுனு இருந்தது. கடைக்காரர் அதையே விரலால தட்டித் தட்டிக் காட்டினார். அதுக்கெல்லாம் மயங்கக் கூடாது. டியூரர் உயிரோட இருக்கும்போதே இத்தாலியச் செதுக்குக் கலைஞர் ரைமொண்டி அவரோட 'மரியாளின் வாழ்க்கை' மரச்செதுக்கு வரிசையை முத்திரையோட சேர்த்து செம்புத் தகட்டுல காப்பி அடிச்சார். 1511-ல டியூரர் அதைப் புத்தகமா போட்டப்போ, கடைசியில காப்பி அடிக்கிறவங்களைத் திட்டித் தீர்த்திருக்கார் மனுஷன்.

கெத்செமனேயை லென்ஸ்ல பார்த்தா கறுப்பு முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளி. போட்டோ எடுத்து அச்சடிச்சது. கீழே வச்சுட்டேன்.

மற்றது வேற ரகம். பின்பக்கத்தைச் சாய்ச்சுப் பிடிச்சா கோடெல்லாம் லேசா புடைச்சிருக்கு, கட்டையை அழுத்தி அடிச்ச அடையாளம். வெயிலுக்கு நேரா தூக்கினா காகிதத்துல, கையால செஞ்ச பழைய காகிதத்துல இருக்கிற மாதிரி கம்பி வரிகள். ஆனா 'சிறிய பாடுகள்' புத்தகமா வந்த அதே 1511 பதிப்புத் தாளுக்குப் பின்னாடி இருக்க வேண்டிய, செலிடோனியஸ்ங்கிற துறவி எழுதின லத்தீன் கவிதை இல்ல. போன்ல மியூசியம் படத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அசல்ல மயிரிழையா மெலிஞ்சு வளைகிற தாடிக் கோடு, இதுல ஒரே தடிமனா, மொட்டையா நிக்குது. யாரோ அசலைப் பார்த்து மறுபடி செதுக்கியிருக்காங்க. காப்பி விலைதான்னு அடிச்சுப் பேசி சந்தோஷமா வாங்கினேன். அதுவும் கத்தி பிடிச்ச கை வேலைதானே?

தேம்ஸ்கரை:
லண்டன்ல வேற மாதிரிப் பேச்சு. "அசல் கட்டையில அடிச்சது சார்" என்பாங்க. பாதி உண்மை. 'சிறிய பாடுகள்' மொத்தம் 37 படம், அதுல 35 படத்தோட அசல் மரக்கட்டை பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. 1844-ல ஹென்றி கோல் போட்ட பதிப்பு அந்தக் கட்டைகள்ல அச்சு எடுத்து வார்த்த உலோகத் தகட்டுல அடிச்சது. என்கிட்டயும் அதுல ரெண்டு இருக்கு, வீட்டு ஹால்லயே மாட்டியிருக்கேன். 1511 அசல் தாளோட விலையை இதுக்குக் கேட்டா மட்டும் சண்டைதான்.

ஏட்டுப்பூச்சி:
மசித்துளி, உங்க தாள், பிரஸ்ஸல்ஸ் பதிப்பாளர் மொமார்ட் அசலைப் பார்த்து மறுபடி செதுக்கி வெளியிட்ட காப்பியா இருக்குமோ? 1587-ல வந்தது. காகிதத்துல நீர்க்குறி (வெளிச்சத்துல தெரியற வாட்டர்மார்க்) தெரிஞ்சா படம் எடுத்துப் போடுங்க. ஓரத்தை வெட்டாம, டேப் ஒட்டாம வைங்க, புண்ணியமா போகும்.